அறுபதில் அடிக்கும் மிருதங்கம்

நெய்வேலியில் எதுவும் தோண்டாமல் கிடைக்காது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டினார். வந்ததோ கருப்பாக ஏதோ. அது பழுப்பு நிலக்கரி. அதைத் தோண்ட 1956இல் நிறுவனம் பிறந்தது, மறு ஆண்டு நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆகிவிட்டது. மேலே கிடந்த மண் அத்தனை!

என் பக்கத்து வீட்டுக்காரரின் சிறுவயதுக் கனவும் அப்படித்தான் புதைந்திருந்தது. இரவு ஷிஃப்ட், பிள்ளைகளின் பீஸ், சொசைட்டிக் கடன், மைத்துனி கல்யாணம் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் பார்த்தால், அடியில் ஒரு மிருதங்கம். அறுபதில் ஓய்வு, அறுபதில் ஆரம்பப் பாடம். பயிற்சி தினமும் மதியம் இரண்டு மணிக்கு.

"என்னங்க, பேசாம ஓவர்டைமாவது கேட்டு வாங்கியிருக்கலாம்" என்கிறார் வீட்டம்மா.

தருமபுரிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் நீட் தேறி, 2022 ஜனவரியில் மருத்துவக் கலந்தாய்வுக்கே போய்விட்டார். இடம் கிடைக்கும் நிலையில், இளசுகள் படிக்கட்டும் என்று திரும்பி வந்தார். பெரிய மனசு! மிருதங்கத்துக்குக் கலந்தாய்வு கிடையாது. அதனால் நம்மவர் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. விட்டுக்கொடுப்பது நான், மதியத் தூக்கத்தை.

ஓய்வு பெற்றாயிற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வடலூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார். கெட்டிச் சுவர் வீடு ஏதும் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். புரோக்கர் கமிஷன் என் பொறுப்பு.