அரை மணி நேரத்தில் குஷன் கவர்

தையலில் குஷன் கவரைவிட எளிய வேலை கிடையாது. கழுத்து வெட்ட வேண்டாம், கை ஏற்ற வேண்டாம், காஜா எடுக்க வேண்டாம். நாலே நாலு நேர்த்தையல். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்றால் அடுத்த தீபாவளி வரை ஆகலாம்.

தெருமுனை டைலரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். "வச்சுட்டுப் போங்கம்மா" என்பார். வைகாசி முகூர்த்தம் முடியட்டும் என்பார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் முடியட்டும் என்பார். இலவம் பஞ்சுத் தலையணைக்கு உறை கேட்டுவிட்டு இலவு காத்த கிளியாக நிற்க வேண்டியிருக்கும். எனவே நாமே தைப்போம்.

முதல் வேலை மெஷினைத் தோண்டி எடுப்பது. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த கால்மெஷின் வீட்டில்தான் இருக்கிறது. அதன்மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, கரண்ட் பில், வைஃபை பெட்டி, யாரோ கல்யாணத்தில் கொடுத்த பிள்ளையார் எல்லாம் குடியேறி வருடக்கணக்காகிறது. ஒவ்வொன்றாக இறக்கும்போது "அதையெல்லாம் எங்கே வைக்கப் போறே?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பதில் சொல்லாமல் சோபாவில் வையுங்கள். குஷன்கள் மறைந்துவிடும். கவர் அவ்வளவு அவசரமில்லை என்ற ஆறுதலும் கிடைக்கும்.

"கடையில வாங்கினா தீர்ந்தது, இதுக்குப் போய் மெஷினை உருட்டணுமா?" என்று யாராவது கேட்டால் காந்தியைத் துணைக்கு அழையுங்கள். இயந்திரங்களோடு அவருக்கிருந்த பிணக்கு ஊரறிந்தது. ஆனாலும் 1924இல் விதிவிலக்கு உண்டா என்ற பேச்சு வந்தபோது அவர் சொன்ன உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைப் பார்த்து, அவள்மேல் இருந்த அன்பால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது காந்தியின் நம்பிக்கை. வாதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். 1851இல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கருக்குப் பல குடும்பங்களும் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைச் சபையில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது துணி. கரூரிலிருந்து தலையணை உறையும் திரைச்சீலையும் நாடு நாடாக ஏற்றுமதி ஆகின்றன. நீங்கள் கரூரிலேயே குடியிருந்தாலும் அதைப் பொருட்படுத்தாதீர்கள். 16 இன்ச் குஷனுக்கு 17 இன்ச் அகலம், 39 இன்ச் நீளத்தில் ஒரே துண்டு போதும். முன்பக்கத்துக்கு 16, பின்பக்கத்துக்கு 16, பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள 5, இரண்டு முனைகளையும் மடித்துத் தைக்க 2. கூட்டினால் 39. ஒரு மீட்டர் என்பது 39 இன்சும் கொஞ்சம் கொசுறும். கணக்கு கச்சிதமாக உட்காருகிறது அல்லவா? நம்பாதீர்கள். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும், கடைக்காரர் கத்தரியும் கோணலாகத்தான் போகும். ஒன்றேகால் மீட்டர் வாங்கி, நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு இன்ச் டேப்பை எடுங்கள். 36 இன்ச் பன்னா என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கவர் கிடைக்கும்.

பழைய புடவையில் தைத்தால் செலவே இல்லையே என்று ஒரு எண்ணம் வரும். ஆபத்தான எண்ணம். நம் வீடுகளில் பழைய புடவை என்று எதுவும் இல்லை. இப்போதைக்குக் கட்டாத புடவைதான் உண்டு. பீரோவின் அடித்தட்டில் நாதியற்றுக் கிடந்த சுங்குடி, நீங்கள் கத்தரியோடு நெருங்கும் நாளில்தான் பெரியத்தை சீமந்தத்துக்கு எடுத்ததாக மாறும். "எடுத்துக்கோயேன், அது சும்மாதான் கிடக்கு" என்று வாயால் சொன்ன அனுமதி செல்லாது. சாட்சி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். பட்டு கிடைத்தால் இன்னும் கவனம் தேவை. வருடக்கணக்கில் மடித்தே கிடந்த பட்டு மடிப்போரமாக விட்டுப்போகும். அந்த இடத்தை விலக்கி வெட்டி, அடியில் லைனிங் கொடுக்க வேண்டும். ஜரிகையை முன்பக்கம் வைத்தால் மத்தியானம் படுத்து எழுந்தவர் கன்னத்தில் மாங்காய் டிசைன் அச்சாகியிருக்கும்.

இனி தையல். எண்ணெய் போட்ட மெஷினை முதலில் கழிவுத் துணியில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கவரில் கறை படும். நீளத்தின் இரண்டு முனைகளையும் அரை இன்ச் அரை இன்ச்சாக இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். நல்ல பக்கம் மேலே இருக்கும்படி துணியை விரித்து, இரு முனைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து 5 இன்ச் ஏற்றி வையுங்கள். மேலும் கீழும் அரை இன்ச் உள்ளே தள்ளித் தையல் போடுங்கள். பிசிர் வராமல் ஓரத்தில் ஓவர்லாக் அடியுங்கள். மூலைகளில் தையலைத் தொடாமல் சரிவாக நறுக்கிவிட்டு, நடுத் திறப்பு வழியாகப் புரட்டுங்கள். மூலையைத் தள்ளப் பேனா மூடி போதும். கத்தரி முனையால் தள்ளினால் மூலை வெளியே வரும், கத்தரியும் கூடவே வரும். உள்ளே இருக்கும் குஷன் சோர்ந்துபோனது என்றால் கவரை 15½ இன்ச்சாகத் தையுங்கள், கொஞ்சம் புஷ்டியாகத் தெரியும்.

இடையில் அடிப்பக்கம் நூல் குருவிக்கூடாகச் சுருண்டுகொள்ளும். வீட்டிலுள்ள எல்லோரும் எட்டிப் பார்த்து பாபினைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில்தான், டென்ஷன் தட்டுகளுக்கு வெளியே ஓடியிருக்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் வீட்டில் குழந்தை இருக்கிறதா, அது சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றியதா என்று விசாரிக்கவும். இல்லை என்றுதான் சொல்லும்.

கவர் தயார். இனி அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை போட்டு வாழும் குடும்பத்தில் குஷன் கவர் மட்டும் வெறுமனே இருக்க முடியுமா? "அழுக்காயிடும்" என்று மாமியார் அதன்மேல் ஒரு துண்டை விரிப்பார். இலவம் பஞ்சாக இருந்தால் பஞ்சு வெளியே வராமலிருக்க நெருக்கமான நெசவில் உள்ளுறையும் வேண்டும். ஆக உறைக்குள் ஓர் உறை, உறைமேல் ஒரு துண்டு. நடுவில் இருப்பது நீங்கள் தைத்தது. அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் தையல் கொஞ்சம் கோணினாலும் பிரிக்காதீர்கள்.

விருந்தாளி வரும் அன்று மட்டும் துண்டு போய்விடும். வந்தவர் குஷனை முதுகுக்கு வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வார். பஜ்ஜி சாப்பிட்ட கையால் தடவிப் பார்த்து, "நீயே தைச்சதா?" என்பார். அடுத்த கேள்வி உறுதி: "எனக்கும் ஒரு நாலு தைச்சுக் குடேன். நீ வீட்டுல சும்மாதானே இருக்கே?"

இதற்கு இப்போதே பதில் தயார் செய்துகொள்ளுங்கள். பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லலாம். கால்மெஷினின் தோல் பெல்ட் எந்த நேரத்திலும் அறுகிற சாமான், ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். மோட்டார் பொருத்தியவர்களுக்கு என்னால் உதவ முடியாது.