கண்டித் தனியார் பஸ்களின் முகப்புச் சந்நிதி: ஓர் ஆய்வு

கண்டியின் கலை என்றால் ஆய்வாளர்கள் பெரஹராவுக்கும் தலதா மாளிகைக்கும் ஓடுகிறார்கள். அங்கே தங்களைக் கொண்டுபோய் இறக்கிய பஸ்ஸைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கும் தனியார் பஸ்களுக்கு இழைக்கப்பட்ட அந்த அநீதியைக் களைய இச்சிறு முயற்சி.

1958 ஜனவரி 1இல் பஸ்கள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. தனியாருக்கு மறுபடி வழி திறந்தது எழுபதுகளின் கடைசியில். இடைப்பட்ட காலத்தை இருண்ட காலம் என்று சிலர் சொல்லக்கூடும். சபை பஸ்களின் நிறத்தைக் கருதி, சிவந்த காலம் என்பதே என் துணிபு.

சந்நிதி அமைந்திருப்பது சாரதியின் முன்கண்ணாடிக்கு மேலே. நடுவில் புத்தர்; சுற்றிலும் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓடும் பல்புகள். பக்கத்தில் பிள்ளையார், மயிலோடு கதிர்காமக் கந்தன். கீழே பிளாஸ்டிக் தாமரை, அதன்மேல் காலையில் சாத்திய அசல் மாலை. ஹட்டன் பக்கம் போகும் பஸ்ஸில் முருகன் நடுவுக்கு வந்துவிடுவதும் உண்டு. அக்குறணைப் பக்கம் போனால் அரபு எழுத்து ஸ்டிக்கர் தென்படும். பலகையை வாசிக்கத் தெரியாதவரும் ஊரைத் தெரிந்து ஏறலாம்.

இதை இக்காலக் கலப்படம் என்போர் பிலிமத்தலாவையில் இறங்கி லங்காதிலக விகாரைக்குப் போய்வருவது நல்லது. 1344இல் எழுந்த அந்த விகாரையில் உள்ளே புத்தர். வெளிச்சுற்றில் விபீஷணன், சமன், கணபதி, கந்தன். பாறைச் சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. அதே காலத்துக் கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. ஆக, பஸ் முதலாளி புதிதாகச் சேர்த்தது பற்றரி ஒன்றைத்தான்.

அடுத்து, அலங்காரம் யாருக்காக? பயணிக்காக அல்ல. அவருக்குக் கிடைக்கும் தரிசனம் முன்னால் நிற்பவரின் அக்குள். சந்நிதிக்கு நேரே உள்ள ஆசனங்கள் மதகுருமாருக்கு. பின்னே போகப்போகக் கலை மெலிந்து, கடைசி வரிசையில் கிழிந்த ரெக்சினும் பேனாவால் கீறிய ஓர் இதயமுமே மிஞ்சுகின்றன. கடுகண்ணாவை இறக்கத்தில் சாரதி ஒரு கையால் சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். மற்றக் கையில் போன். அந்நேரம் பஸ்ஸை ஓட்டுவது யார் என்பது சமயத் தத்துவத் துறையினர் ஆராய வேண்டியது.

2025 ஜனவரியில் அரசின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின்போது, மேலதிகமாகப் பூட்டிய லைட்டுகளையும் ஹோர்ன்களையும் கழற்றவைக்கப் பொலிஸார் இறங்கினார்கள். பஸ் சங்கங்கள் கொதித்தன. இரவில் எதிரே வரும் பஸ்ஸின் நீல வெளிச்சத்தில் கண் கூசியவன் என்ற முறையில் நான் பொலிஸ் பக்கம். ஆய்வாளன் என்ற முறையில் கருத்துச் சொல்வதற்கில்லை.

களஆய்வின் ஒரு பகுதியாக, “தம்பி, இவ்வளவு சோடனையும் எதுக்கு?” என்று கொண்டக்டரைக் கேட்டேன். நெடுக்காக மடித்த நோட்டுகளை விரலிடுக்கில் செருகியபடி அவர் சொன்னார்: “ஐயா, பின்னுக்குப் போங்க, பின்னுக்கு நல்லா இடம் இருக்கு.” கடைசி வரிசை பற்றிய தரவுகள் இவ்வாய்வில் இவ்வளவு செறிவாக இருப்பது அதனால்தான்.