பதின்மூன்றாவது தடை

ஈப்போவில் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் முதலில் செபம். வந்தவர்களில் மூத்தவர்தான் சொல்வார். அந்த வீட்டுக்காக, பெண்ணுக்காக, நாட்டுத் தலைவர்களுக்காகக்கூடச் சொல்வார். ஆமென். பிறகு தேத்தண்ணி, கேக், முறுக்கு. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் பெரியம்மா குரலைத் தணித்துக் கேட்பார்:

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே... ஊர்ல நீங்க என்ன ஆளுங்க?"

எந்த ஊர்? பெண்ணின் அப்பா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தா செத்ததும் அங்கேதான். 'ஊர்' என்பது மூன்று தலைமுறையாக யாரும் மிதிக்காத ஏதோ ஒரு கிராமம். கேட்ட பெரியம்மாவுக்கே அவருடைய ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் சாதி மட்டும் அட்சரம் பிசகாமல் தெரியும். அடுத்த வாரம் தொலைபேசி வரும். "செபத்துல வச்சோம், ஆண்டவர் வழிகாட்டல." பாவம் ஆண்டவர். செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பது அவருக்குப் புதிதல்ல.

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். ரஜுலா கப்பலின் தளத்தில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்தார்கள். பினாங்கில் கால் வைக்குமுன் ஜெரேஜாக் தீவில் தடுத்து வைத்து, அம்மை உண்டா, காலரா உண்டா என்று சோதித்தார்கள். சாதிக்கு மட்டும் சோதனை இல்லை. அது சுகமாகக் கரையேறியது.

தோட்டத்தில் விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பிரட்டு. துரையின் கணக்கில் எல்லோரும் கூலி. மங்கில் வடிந்த பாலை எந்தச் சாதிக்காரன் சீவினான் என்று பார்த்து யாரும் ரப்பருக்கு விலை வைக்கவில்லை. நாம்தான் பார்த்தோம். பல தோட்டங்களில் லயத்தையே சாதி பார்த்துப் பிரித்துக்கொண்டோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை.

பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. தொழிலாளிகள் கேட்டதற்காக வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தது. கூரைமேல் சாமிகளுக்கு நடுவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். அது துரைதான் என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரரைக் கோயில் கூரையில் ஏற்றத் தோட்டத்துத் தமிழனுக்கு மனசு வந்தது. அடுத்த லயத்துத் தமிழனைச் சம்பந்தியாக்க, ஞானஸ்நானம் வாங்கிய பேரனுக்கு வரவில்லை.

இந்த நாட்டில் சாதிக்கு எந்தப் பாரத்திலும் கட்டம் கிடையாது. மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்). தீர்ந்தது கதை. சாதியால் இங்கே சலுகை இல்லை, வேலை இல்லை, ஒரு காசு வருமானம் இல்லை. ஊதியமே இல்லாமல், விடுமுறையும் எடுக்காமல், இவ்வளவு விசுவாசமாக நாம் செய்யும் ஊழியம் வேறொன்று உண்டா?

இதே நாம்தான் மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்காதபோது கொதிக்கிறோம். பத்தில் ஒன்பது பூமிபுத்ராவுக்கா, பிறப்பைப் பார்த்தா பிள்ளையின் தகுதியை அளப்பது என்று. நியாயமான கோபம். ஆனால் காலையில் கோட்டாவைத் திட்டிய அதே வாய் மாலையில் சம்பந்தம் பேசும்போது, பிறப்பைப் பார்த்துத்தான் பிள்ளையை அளக்கிறது. அரசாங்கமாவது பத்தில் ஒன்று தருகிறது. நாம் அதுவும் தருவதில்லை.

சீன மருமகள் வந்தால்? முதல் மாதம் அழுகை. இரண்டாம் மாதம் சமாதானம். பேரன் பிறந்ததும், "எவ்ளோ கலரு பாருங்க!" வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றால் அழுகைகூடக் கிடையாது. கலப்பு நமக்குப் பிரச்சினையே இல்லை. அதே வேதம், அதே தமிழ், அதே தோட்டம், அதே பூசை என்றிருக்கிற தமிழ்ப் பையன்தான் பிரச்சினை.

இனி நம் மேய்ப்பர்கள். கடைவீட்டு மாடியில் சபை நடத்தும் பாஸ்டருக்குப் பொட்டு ஆகாது. பூ ஆகாது. பொங்கல் பானை பேய்ப் பானை. ஒரு மல்லிகைச் சரத்தை வைத்து நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்வார். பங்குக் கோயில் ஃபாதரிடம் கதை நேர் எதிர். அங்கே குத்துவிளக்கு ஏற்றலாம், தைப் பொங்கலுக்குத் திருப்பலி வைக்கலாம், எல்லாம் நம் பண்பாடு. பானை விஷயத்தில் இருவருக்கும் ஜென்மப் பகை. சாதி விஷயத்தில் மட்டும் அபூர்வமான கிறிஸ்தவ ஐக்கியம்: இருவரும் வாயைத் திறப்பதில்லை. காணிக்கைத் தட்டு எல்லாச் சாதிக் கையையும் தாண்டி வரவேண்டுமே.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருமணத்தைச் செல்லாததாக்கும் தடைகள் என்று 12-ஐ எழுதி வைத்திருக்கிறது. வயது, முந்தைய திருமணம், குருத்துவம், ஆள்கடத்தல் என்று போகும் பட்டியல். அதில் இரத்த உறவும் ஒன்று. மாமன் மகளைக் கட்டத் தடை உண்டு. அதற்கு நாம் என்ன செய்கிறோம்? ஆயரிடம் மனுப் போட்டு விதிவிலக்கு வாங்குகிறோம். சொத்தும் சாதியும் வெளியே போகக் கூடாதல்லவா! திருச்சபை தடுத்ததற்கு விலக்கு உண்டு. திருச்சபை தடுக்காத சாதிக்கு விலக்கே கிடையாது. அந்தப் பதின்மூன்றாவது தடையை ரோமாபுரியாலும் தளர்த்த முடியாது.

முயன்று பார்த்தவர்களைக் கேளுங்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கால், சாதிக்கு ஒரு கால், சேருமிடத்தில் பீடம். நடுவிலிருந்த சுவரை 1910-இல் இடித்தபோது உயர்சாதி விசுவாசிகள் நற்கருணைப் பெட்டி முன்னால் முழங்காலிடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள்.

லுத்தரன்களும் ஆங்கிலிக்கன்களும் மெத்தடிஸ்டுகளும் சிரிக்க வேண்டாம். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதி அனுப்பினார். தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களில் பலர் சபையை விட்டார்கள். சாதியை விடவில்லை.

பழைய கதை என்பீர்கள். 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். தலித் பிணம் பெரிய தெரு வழியே போகலாமா என்பதும் அந்தச் சண்டையில் ஒன்று. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். 2022 மே 15-இல் தேவசகாயத்தைப் புனிதராக்கியபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை ரோம் எடுத்துவிட்டது. எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதையும் அவர்மேல் குற்றமாகச் சொன்னவர்கள் உண்டு. அவர் படத்தை வீட்டில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து "என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோம்.

சாதி நம் பாரம்பரியம் என்பீர்கள். இயேசு பாரம்பரியத்தைப் பற்றிப் பேசவில்லையா? பேசினார். மாற்கு ஏழாம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்கள்மேல், செம்பும் கிண்ணமும் கழுவுவதில் கறாராக இருந்தவர்கள்மேல், அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமல்ல.    

"நமக்குச் சாதியெல்லாம் இல்லைங்க, வீட்டுல பெரியவங்க இருக்காங்களே" என்று இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்? அந்தப் பெரியவர்கள் பெரும்பாலும் பங்குப் பேரவையில்தான் இருக்கிறார்கள். சபையின் மூப்பராகவும் இருக்கிறார்கள். ஆகவே ஃபாதர், பாஸ்டர், இரண்டு பேருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று முடித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். சாதிக்காகச் சம்பந்தத்தை முறித்தவர்கள் இந்தப் பேரவையிலோ மூப்பர் குழுவிலோ இனி உட்காரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து வாசியுங்கள். முதல் வரிசை காலியாகும். ஆகட்டும்.