மற்றும் பலர்

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு மகளின் கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பதினாலு வயதுக்குட்பட்ட பெண்கள், கிரேடிங் பட்டியல். கண்ணாடியோடு ஒரு தடவை வாசித்தேன். கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தடவை வாசித்தேன். எங்கள் பிள்ளையின் அணியைப் போன வருடம் நின்ற இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறக்கியிருந்தார்கள். இன்னும் ஒரு பந்து தரையில் தட்டப்படவில்லை. பாதிப் பிள்ளைகளுக்குச் சீருடைகூட வந்து சேரவில்லை.

"விளையாட முதலே எப்பிடித் தீர்மானிக்கலாம்? ஆர் இவை?" என்று குசினியைப் பார்த்துக் கத்தினேன்.

மனைவி இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்கள் தீர்மானிக்கிற மாதிரித்தான்" என்றார்.

என் மடிக்கணினியில் அந்த நேரம் திறந்திருந்த எக்செல் கோப்பின் பெயர் 'இறுதி-இறுதி-4'. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து, சீசன் தொடங்க முன், முதல் இருபத்தைந்து அணிகள். பதினேழாவது இடத்தில் யாரைப் போடுவது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் பிறந்தால் நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். ஒளிக்க வேண்டாம். உத்தியோகபூர்வப் பட்டியல் வருவதற்குள் நம்முடையதை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்த்து எழுதியது என்பார்கள் என்ற பதற்றம் உங்களுக்கும் உண்டு. ஐந்தாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, திரும்பவும் பழையபடி மாற்றுவீர்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி மிக முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முதல் 2023.

அந்த வருடம் அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் முதலிடம் லூசியானா ஸ்டேட். என் பட்டியலிலும் அதுதான். நடப்புச் சம்பியன்கள். போதாக்குறைக்கு வேறு கல்லூரிகளில் பேரெடுத்த இரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். யோசிக்க என்ன இருக்கிறது? நவம்பர் 6, லாஸ் வேகாஸ், சீசனின் முதல் நாள். எதிரே இருபதாம் இடத்துக் கொலராடோ. 92-78. முதலிடம் முதல் நாளே போயிற்று. எங்கள் ஊர்க் கணக்கில் அது 7ஆம் தேதி, மெல்பேர்ண் கப் விடுமுறை. விக்டோரியா முழுக்கக் குதிரையில் காசு விட்டுக்கொண்டிருந்த பகலில் நான் அமெரிக்கப் பெண்பிள்ளைகளை நம்பி மானத்தை விட்டுக்கொண்டிருந்தேன். குதிரையில் கட்டியவனுக்கு மூன்றரை நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஏப்ரல் வரை தவணை முறையில் தந்தார்கள்.

ஏப்ரலில் என்ன நடந்தது? பட்டியல் ஆறாவதாகப் போட்டிருந்த தென் கரோலைனா, 38 ஆட்டம் ஆடி 38உம் வென்று, இறுதியில் அயோவாவை 87-75 என்று முடித்தது. முந்தின வருடம் ஆட்டம் தொடங்கும்போது களத்தில் நின்ற ஐந்து பேரும் போய்விட்ட அணி அது. ஆறாவதாகப் போட்டவர்களைக்கூட மன்னிக்கலாம். நான் பதினோராவதில் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று குறிப்பும் எழுதியிருந்தேன். இந்தக் கோப்பு சிட்னி பென்டில் ஹில்லில் இருக்கும் என் நண்பரிடம் இன்னும் இருக்கிறது. எங்கள் நாலு பேர் போட்டியில் தோற்றவர் மட்டன் ரோல்ஸ் வாங்க வேண்டும். அந்த வருடம் நாற்பது ரோல்ஸ். அதற்கு முந்தின வருடம் பட்டியலில் பதினாறாவதாகக் கிடந்த லூசியானா ஸ்டேட், இறுதியாட்டத்தில் 102 புள்ளி எடுத்துக் கிண்ணத்தைத் தூக்கியது. அப்போதும் ரோல்ஸ் என் செலவில்தான். பென்டில் ஹில்காரர் இரண்டு தடவையும் "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் சொல்லவில்லை. அவருடைய பட்டியலில் முதலிடத்தில் மூன்று அணிகள் இருக்கும்.

இதையெல்லாம் தொடக்கி வைத்தவர் பிலடெல்பியாப் பத்திரிகையாளர் மெல் கிரீன்பேர்க். 1976இல் ஊர் ஊராகப் பயிற்றுநர்களைத் தொலைபேசியில் பிடித்து வாக்குக் கேட்டிருக்கிறார். பெண்கள் ஆட்டத்தின் முடிவைப் பத்திரிகையில் தேடிப் பிடிப்பதே கஷ்டமாக இருந்த காலம். அவருடைய தொலைபேசிக் கட்டணத்தை நினைத்துத்தான் இந்தப் பட்டியலுக்கு நான் கொஞ்சமாவது மரியாதை கொடுக்கிறேன். இப்போது வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள், முப்பதுக்குக் கிட்ட. முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததற்கு 24, இப்படியே இறங்கி இருபத்தைந்தாவதுக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல்.

இருபத்தைந்தும் முடிந்த பிறகு கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வரும். வாக்குப் பெற்ற ஏனைய அணிகள். முழுப் பட்டியலிலும் நான் ஆறுதலாக வாசிப்பது அதைத்தான். அதன் கடைசியில் ஒரே ஒரு புள்ளியோடு ஒரு கல்லூரி நிற்கும். முப்பது பேரில் ஒரே ஒரு புண்ணியவான் தன் இருபத்தைந்தாவது இடத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஏன் கொடுத்தார்? அந்த ஊரில் பெண் எடுத்தவரா? ஒரு மழை நாளில் அந்தக் கல்லூரி வாசலில் யாராவது அவருக்குக் குடை கொடுத்தார்களா? எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியில் இருக்கும் அணிகளை எனக்குத் தெரியும். நானும் அந்த வரிதான். எங்கள் ஆட்களிடம் அதற்குப் பெயர் 'மற்றும் பலர்'.

ஆகஸ்டில் ஒரு அரங்கேற்றம். மண்டபத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அரை மணித்தியாலத்தில் தகப்பனைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். சென்னையிலிருந்து வந்த மிருதங்க வித்துவானை டல்லமரீன் விமான நிலையத்தில் காலை ஐந்து மணிக்குப் போய் ஏற்றியவன் நான். மிருதங்கம் பின் இருக்கையில் பட்டி போட்டு வந்தது, வித்துவான் முன்னுக்குக் குறட்டை விட்டு வந்தார். அன்று பின்னேரம் மஞ்சள் அங்கி போட்டு வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். மெல்பேர்ண் ஆகஸ்ட். குளிர் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரிந்த ஆட்கள் கண்ணாடியை இறக்கி "அண்ணை, கிட்டடியில ஒரு இடம் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இனி நன்றியுரை. தகப்பன் கடதாசியை விரித்தார். இருபத்திரண்டு நிமிடம். நான் தரவரிசை ஆள், விரலில் எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் ஐந்து இடம் எந்த அரங்கேற்றத்திலும் மாறாது: குரு, பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல். மேல் ஐந்தில் புதிதாக ஒருவர் நுழைவது கல்லூரிக் கூடைப்பந்திலேயே கஷ்டம், அரங்கேற்றத்தில் நடக்கவே நடக்காது. அடிபிடி எல்லாம் நடுவில். ஒப்பனைக்காரர் எட்டாவது. மாலை கட்டியவர் பத்தாவது. வீடியோக்காரர் பன்னிரண்டு, ஒலி பதின்மூன்று, அதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு முறைப்பாடு இருப்பது எனக்குத் தெரியும். நடராசர் சிலையை இரவல் கொடுத்தவருக்குப் பதினேழாவது இடம். அந்த மனிதர் மண்டபத்துக்கே வரவில்லை! சிலை மட்டும் வந்தது. விருந்தினர்களை வரவேற்ற சகோதரிகள், ஐந்து பெயர், தனித்தனியாக. கடைசியில் 'வாகனத் தரிப்பிடத்தை ஒழுங்குபடுத்திய' என்று தகப்பன் தொடங்கினார். நான் கழுத்துப்பட்டியைச் சரி செய்தேன். மனைவி என் முழங்கையைத் தொட்டார். வாசித்த பெயர் வேறொருவருடையது. நான் சாப்பிடப் போன பத்து நிமிடம் என் அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றவர்!

பிறகுதான் அந்த வசனம் வந்தது. "மற்றும் பெயர் குறிப்பிட மறந்த பலருக்கும்."

மறந்த. அந்தச் சொல்லைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரே ஒரு புள்ளி எடுத்த கல்லூரிக்குப் பெயர் போடுகிறார்கள், பக்கத்தில் அந்த ஒன்றையும் போடுகிறார்கள். யாரும் அவர்களை மறக்கவில்லை. வாக்களிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல. மரண அறிவித்தலில்கூட இந்தக் கண்ணியம் இருக்கிறது. மருமகன், மைத்துனர், சகலன் என்று வரிசைப்படி பெயர் வரும், வராவிட்டால் அந்தக் குடும்பத்தில் அடுத்த செத்த வீடு வரை பேச்சுவார்த்தை இருக்காது. என் பெரியப்பாவின் அறிவித்தலில் என் பெயர் பதினாலாவது. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. பதினாலு நல்ல இடம்.

இது கொஞ்சம் நீண்டுவிட்டது என்று தெரியும். ஆனால் வடை விஷயம் இன்னும் சொல்லவில்லை. இடைவேளைக்கு வடை வந்த வானிலிருந்து பதினொரு தட்டு இறக்கி, படி ஏறி, பின்பக்கக் கதவால் கொண்டுபோனவனும் நான்தான். கதவைத் திறந்து பிடித்தவர் இருபத்தொராவது இடம்.

எங்கே விட்டேன்? பட்டியல்.

பட்டியல் போடுகிறவர்களுக்கு முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பல்லரட் பிள்ளை ஜோர்ஜியா அமூரால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் முற்றியது. மெல்பேர்ணிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் ஊர்ப் பிள்ளை. வேர்ஜினியா டெக் அணியை அதன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக 2023இல் கடைசி நான்குக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே அடுத்த நாள் பகல் பதினொன்று. அலுவலகக் கூட்டங்களில் நான் கமராவை நிறுத்தி வைத்ததற்கு இணைய வேகம் காரணம் அல்ல. அவரோடு ஆடிய எலிசபெத் கிட்லிக்கு 2024 மார்ச்சில் முழங்கால் போனது, முக்கியமான ஆட்டங்கள் வரும் நேரம் பார்த்து. அமூர் பிறகு கென்டக்கிக்குப் போய், 2025இல் வொஷிங்டன் தொழில்முறை அணிக்கு, அந்த வருடத் தெரிவில் ஆறாவது ஆளாகப் போனார். முதல் ஆட்டத்துக்கு முன்னான பயிற்சியிலேயே அவருடைய முழங்காலும் போனது. அந்தச் செய்தி வந்த அன்று நான் எக்செலைத் திறக்கவில்லை. அடுத்த நாள் திறந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அவுஸ்திரேலியப் பெண்கள் அணியான ஓபல்ஸிலும் நான் இதே விளையாட்டைக் காட்டியிருக்கிறேன். 2022 உலகக்கிண்ணம் சிட்னியில் நடந்தபோது முதல் நாளே பிரான்சிடம் 70-57. "வயது போன ஆக்களைக் கூட்டிவந்தால் இப்பிடித்தான்" என்று வட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதினேன். வயது போன ஆள் என்றது லோரன் ஜாக்சனை, அப்போது 41. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவர் தனியாக 30 புள்ளி எடுத்தார். கனடா 65, அவுஸ்திரேலியா 95. இரண்டு வருடம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டம் நைஜீரியாவிடம் 75-62. பாடம் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் திரும்பவும் எழுதினேன். திரும்பவும் வெண்கலம். அந்தத் தீர்ப்பை அழிக்கப் போனால், பென்டில் ஹில்காரர் ஏற்கனவே படம் பிடித்து வைத்திருந்தார்.

ஆனால் நான் ஒன்றைக் கேட்கிறேன். எனக்கு முன்பின் தெரியாத பிள்ளைகளைப் பதினோராவதில் போட்டேன், சரி. அது லூசியானாவிலோ தென் கரோலைனாவிலோ யாருக்கும் தெரியாது, யாரும் அழவில்லை. என் வீட்டுப் பிள்ளையை இறக்கிய அந்த மின்னஞ்சல் எட்டுக் குடும்பத்துக்கும் போயிருக்கிறது. அதிலும் ஒரு தாய் உடனே சிரித்த முகம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். எதற்குச் சிரிப்பு? அவருடைய மூத்த மகள் மேல் டிவிஷன்.

மகளிடம் மெல்லமாகத்தான் சொன்னேன். "பிள்ளை, உங்கட டீமைக் கீழ இறக்கிப்போட்டாங்கள்."

"தெரியும் அப்பா. நல்லம்தானே, அப்ப வெல்லலாம்."

"அதுக்கில்லை..."

"அப்பா, சில் பண்ணுங்கோ" என்றுவிட்டு சப்பாத்தைத் தேடிப் போய்விட்டாள். அவளுக்கு விளங்கவில்லை. பதினாலு வயதுக்குள் விளங்காது.

அன்றிரவு எக்செலில் புதிய பக்கம் ஒன்று திறந்தேன். அவளுடைய டிவிஷனில் எட்டு அணிகள். ஒவ்வொன்றையும் போன வருடப் பெறுபேறு, பயிற்றுநர், பிள்ளைகளின் உயரம் எல்லாம் பார்த்து வரிசைப்படுத்தினேன். உயரம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், பயிற்சி நாட்களில் வாசல் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. எங்கள் அணிக்கு எந்தப் பக்கச்சார்பும் இல்லாமல் முதலிடம் வந்தது. மனைவி பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"இஞ்சேருங்கோ, அந்த எட்டாவது டீம் பிள்ளையளின்ர அப்பாமார் இதைப் பார்த்தினமெண்டால்?"

கோப்பை மூடிவிட்டேன். அழிக்கவில்லை.

முதல் கிரேடிங் ஆட்டம் இந்த வெள்ளிக்கிழமை இரவு 9.10க்கு. அந்த நேரத்தில் பிள்ளைகளை விளையாட விடுவது யாருடைய மூளையில் உதித்ததோ. ஸ்டேடியத்துக்கு முப்பத்தைந்து நிமிட ஓட்டம், காரில் இரண்டு இடம் இருக்கிறது. வாசலில் உங்கள் நுழைவுக் காசையும் நானே கட்டுகிறேன். வருகிறவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள்.