குறி பார்க்கலாம், மானைத் தவிர

கே: மான் வேட்டைக்குத் தரமான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்று வாங்க ஆசை. எதை வாங்கலாம் ஐயா?
– சேலையூர் வாசகர்

ப: மான் வேட்டைக்கென்றால் எதையும் வாங்காதீர்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் உண்டு; பொழுதுபோக்காக மான் சுட இந்தியாவில் உரிமமே கிடையாது. இரண்டும் வேறு வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. துரத்துவது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். புள்ளிமானைச் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிமான் என்றாலோ, கிண்டி போன்ற தேசியப் பூங்காவுக்குள் என்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. தண்டனை உறுதியானால் துப்பாக்கியும், ஏறிப் போன வண்டியும் அரசுக்குச் சொந்தம். 1998-இல் ஜோத்பூர் பக்கம் நடந்த வெளிமான் வேட்டைக்காக சல்மான் கானுக்கு 2018-இல் 5 ஆண்டு தண்டனை விதித்தது விசாரணை நீதிமன்றம். இருபது வருடம் கழித்தும் அந்த மான் கணக்குக் கேட்டது.

கே: போல்ட் ஆக்‌ஷன் என்றால்தான் என்ன? நம் நாட்டில் கிடைக்குமா?
– பெருங்களத்தூர் வாசகர்

ப: கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் கைதான் வேலை செய்ய வேண்டும். அசையும் பாகங்கள் குறைவு, பூட்டு இறுக்கம், அதனால் குறி துல்லியம்.

மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் .315 ரைபிள் நம் நாட்டு போல்ட் ஆக்‌ஷன். ராணுவத் தோட்டாவான .303-ஐப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்பதால் அதற்கு ஈடாக வந்த அளவு இது. உரிமத்துக்கு விண்ணப்பிக்க மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் ஆணையர், அதைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியர். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் இல்லை. கையாளும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும்.

கே: மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்களாம். அங்கே சட்டப்படி சரிதானாமே! எந்த ரைபிள் நல்லது என்று கேட்டுச் சொல்லச் சொன்னான்.
– குரோம்பேட்டை வாசகி

ப: சரிதான் அம்மா. உங்களுக்கு ஒரு சேதி: அவர்கள் சுடப் போவது நம்மூர்ப் புள்ளிமானாகவே இருக்கலாம். 1932 வாக்கில் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். பண்ணை வேலி தாண்டிப் பெருகி, இப்போது உள்ளூர் மான்களோடு புல்லுக்குப் போட்டி போடுகிறது. அதனால் அங்கே அதை ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். வேட்டை உரிமம் மட்டும் கட்டாயம்.

ரைபிளுக்கு முன் காகிதம். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். மகன் ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பனின் துப்பாக்கிதானே என்று வாங்கித் தோளில் வைப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் உற்சாகத்துக்காக விசா போய்விடக் கூடாது.

இனி ரைபிள். மான் அளவுக்கு .243, .270, .308, .30-06 எல்லாமே போதும். புதியவனுக்கு .243 நல்லது, உதை குறைவு. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிடுவான். கடையில் பெயரைப் பார்க்காமல் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது அவன் ரைபிள் இல்லை. விசை இழுபடாமல், சட்டென்று விட வேண்டும். பல நல்ல ரைபிள்களில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் தடையில்லாமல் போய் வரும். கட்டை குழலைத் தொட்டு அழுத்தினால் சூடேற ஏறக் குறி நகரும். ஸ்கோப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். சுமாரான ரைபிளில் நல்ல கண்ணாடி, நல்ல ரைபிளில் மட்டமான கண்ணாடி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முதலாவதை எடுப்பேன். தோட்டாவும் மான் வேட்டைக்கென்றே செய்த, உள்ளே போய் விரியும் வகையாக இருக்க வேண்டும். முழு உலோக உறை போட்டது ஊசி போல் துளைத்துப் போய்விடும். மான் காயத்தோடு ஓடி, எங்கோ புதரில் நாள் கணக்கில் சாகும்.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. பெஞ்சில் சாய்ந்து சுடுவது துப்பாக்கிக்குப் பரீட்சை. உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுடுவதுதான் ஆளுக்குப் பரீட்சை. எந்தத் தூரத்தில் 20 செ.மீ. வட்டத்துக்குள் ஒவ்வொரு முறையும் விழுகிறதோ, அதுதான் அவன் எல்லை. முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் விரலை விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சுட்டது காயத்தோடு ஓடினால் இருட்டினாலும் தேடிப் போக வேண்டும். இதற்கு மனம் ஒப்பாவிட்டால் நண்பர்களோடு போய்ப் படம் எடுத்து வரட்டும். அதில் குறை ஒன்றும் இல்லை.

கொம்பைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் மட்டும் வேண்டாம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நீங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

கே: தாத்தா காலத்து மான் கொம்பு வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிறது. தப்பா?
– முடிச்சூர் வாசகர்

ப: உரிமைச் சான்று இருந்தால் தப்பில்லை. இல்லாவிட்டால், தாத்தா சுட்டதா, காட்டில் தானாக உதிர்ந்ததா என்று சட்டம் பார்க்காது. வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்து ஆலோசனை கேளுங்கள். விற்கவோ, உறவினருக்குப் பரிசாகத் தரவோ செய்யாதீர்கள்.

கே: ஜிம் கார்பெட் சுடவில்லையா? அவரை மட்டும் கொண்டாடுகிறோமே?
– பல்லாவரம் வாசகர்

ப: சுட்டார். சம்பாவத்தில் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் வீழ்த்தியதற்குப் பரிசாக வந்த .275 ரிக்பி, உலகத்தின் புகழ்பெற்ற போல்ட் ஆக்‌ஷன்களில் ஒன்று. ஆனால் அதே மனிதர் பிற்பாடு புலியைப் படம் பிடிப்பதில்தான் அதிக இன்பம் கண்டார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் உருவாகத் துணை நின்றார். அவரை நான் கொண்டாடுவது இந்தத் திருப்பத்துக்காகத்தான்.

நம் சென்னைக்காரர் மா. கிருஷ்ணன் இருக்கிறாரே, அவரை இன்னும் அதிகம் படிக்க வேண்டும். 1950-இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் எழுதினார். கேமராவும் பொறுமையும்தான் அவர் ஆயுதம். மானைச் சுடுவதைவிடப் படம் எடுக்க இன்னும் நெருங்கிப் போக வேண்டும். எது பெரிய திறமை என்று நீங்களே சொல்லுங்கள்.

கே: கிண்டியிலும் ஐ.ஐ.டி.யிலும் மான்கள் அதிகம் என்கிறார்கள். கொஞ்சம் குறைத்தால் என்ன?
– வேளச்சேரி வாசகர்

ப: அங்கே மான்களைக் குறைக்கும் வேலையைத் தெருநாயும் பிளாஸ்டிக் பையும் கார் சக்கரமும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. கிண்டியின் புள்ளிமான்கள் 1940-களின் கடைசியில் கொண்டுவந்து விட்ட கூட்டத்தின் வழி வந்தவை என்று பதிவுகள் சொல்கின்றன. நாம் கொண்டுவந்து விட்டோம், சுற்றிச் சுவரும் சாலையும் எழுப்பினோம். இப்போது இடம் போதவில்லை என்று மானையே குற்றவாளி ஆக்குவதா? எண்ணிக்கை உண்மையிலேயே கூடினால் வனத்துறை இருக்கிறது, விலங்கியல் அறிஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு வெளிமானைப் பற்றித்தான் கவலை. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். புதர் மூட மூட, கட்டடம் ஏற ஏற, அதற்கு நிற்க இடமில்லை. மிச்சமிருக்கும் புல்வெளியை விட்டுவைப்பதுதான் நான் கேட்பது.

கே: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே! ஏரியில் இரண்டு கொக்கு சுட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?
– மேடவாக்கம் வாசகர்

ப: நான் கேட்கிறேன். குறைந்த திறன் கொண்ட 0.177 அங்குல ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. கொக்கைச் சுட அந்த விலக்கு இல்லை. உங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது.

செங்கல்பட்டைத் தாண்டி வேடந்தாங்கலுக்கு ஒரு முறை போய் வாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். கலெக்டர் லியோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் சுடக் கூடாதென்று உத்தரவு வாங்கினார்கள். கம்பெனி ஆட்சியில், கையில் துப்பாக்கி வைத்திருந்தவனை எதிர்த்து உழவர்கள் ஜெயித்த கதை அது. அந்த மாவட்டத்துப் பிள்ளை நீங்கள். ஏர்கன்னைத் தகர டப்பாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: உயிரைக் கொல்ல விருப்பமில்லை. ஆனால் சுடப் பிடிக்கிறது. வயது 58. இனிமேல் கற்கலாமா?
– கூடுவாஞ்சேரி வாசகர்

ப: தாராளமாக! ஒலிம்பிக்கில் ஒரு காலத்தில் ‘ஓடும் மான்’ என்றே ஒரு போட்டி இருந்தது. தண்டவாளத்தில் ஓடும் மான் உருவம். 100 மீட்டரிலிருந்து சுட வேண்டும். ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1908-இல் அதில் தங்கம் வென்றபோது வயது 60. 64-இல் இன்னொரு தங்கம். 1920-இல் 72 வயதில் வெள்ளி. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

10 மீட்டர் ஏர் ரைபிளில் தொடங்குங்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதை அடிக்க மூச்சையும் பிடித்து, இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவே விசையை விடப் பழக வேண்டும். போல்ட் ஆக்‌ஷன்தான் வேண்டுமென்றால் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இருக்கிறது: மண்டியிட்டு, படுத்து, நின்று. .22 தோட்டா. பாரிஸில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கிய போட்டி அது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர் அவர். சென்னை ரைபிள் கிளப்பில் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள். சொந்தத் துப்பாக்கி பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

கே: இரவு வண்டலூர் பக்கம் வண்டி ஓட்டும்போது மான் குறுக்கே வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?
– கொளப்பாக்கம் வாசகி

ப: காட்டை ஒட்டிய சாலையில் வேகத்தைக் குறையுங்கள். மானைப் பார்த்ததும் ஹைபீமை இறக்குங்கள்; வெளிச்சம் கண்ணில் பட்டால் அது நகராமல் நின்றுவிடும். ஒன்று கடந்துவிட்டதே என்று உடனே கிளம்பாதீர்கள், பின்னால் கூட்டம் இருக்கும். அடிபட்டுக் கிடந்தால் தூக்கிக் காரில் போடக் கூடாது. மனிதன் கை பட்ட மிரட்சியிலேயே மான் செத்துப்போகலாம். வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து, சற்றுத் தள்ளி நின்று, நாய்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.