வாற்பலகை இலக்கணம்

வாற்பலகை என்பது வரிசையில் கடைசியாக நிற்பவர் கையில் ஏந்தும் அட்டை. ‘கடைசி இதுதான்’ என்று பொருள்படும் ‘சைகோபி’ என்ற ஜப்பானியச் சொல் அதில் எழுதியிருக்கும். புதிதாக ஒருவர் வந்து பின்னால் நின்றதும் அட்டை அவர் கைக்கு மாறும். கொடுத்தவர் அக்கணமே கடைசி ஆள் என்ற பதவியை இழக்கிறார். சந்தோஷமாக விட்டுக்கொடுக்கப்படும் பதவிகள் உலகில் சொற்பம் என்பதால் இது ஆய்வுக்குரியதாகிறது.

இதன் தலையாய வாழிடம் டோக்கியோவின் ‘காமிக்கெட்’. 1975 டிசம்பர் 21 அன்று 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேரும் கூடித் தொடங்கிய ரசிகர் சந்தை இது. அனிமே, மாங்கா, வீடியோ கேம் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த புத்தகங்கள் இங்கே விலைபோகின்றன. நடத்துவோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். விற்பவர், வாங்குபவர், கூட்டத்தை ஒழுங்கு செய்பவர் எல்லோருக்கும் ‘பங்கேற்பாளர்’ என்றே பெயர். வாடிக்கையாளர் என்ற இனமே அங்கில்லை. 2019 டிசம்பரில் நான்கு நாளில் 7.5 லட்சம் வருகைகள் பதிவாயின. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12.5 லட்சம்தான்.

2013 ஆகஸ்டில், கூட்டத்தின் வியர்வை ஆவியாகி மண்டபக் கூரையடியில் மேகமாகத் திரண்டதாகச் செய்தி வந்தது. நீர் ஆவியாகி உப்பு எஞ்சும் இடமே உப்பளம். ஆகவே சொல்லாராய்ச்சிப்படி அப்பெயருக்கு உரிமையுள்ளது அந்த மண்டபம். விளையாட்டரங்கமும் வீடுகளுமாகிவிட்ட புதுச்சேரியின் உப்பளம் பகுதி அப்பெயரை வழக்கம் கருதியே வைத்திருக்கிறது.

வாற்பலகைக்கு எதிர்மறை வடிவமும் உண்டு. வரிசை நீண்டு நடைவழியை மறித்தால், தன்னார்வலர் அதை இரண்டாக வெட்டி மீதியை வெளியே கொண்டுபோய் நிறுத்துவார். புகழ்பெற்ற குழுக்களுக்கு ஷட்டர் ஓரச் சுவரில் இடம் ஒதுக்குவதே இதற்காகத்தான். இடம் மாறுகிறவர்கள் ஒரு கையை உயர்த்தியபடி நடக்க வேண்டும், நடுவில் யாரும் புகுந்துவிடாதிருக்க. வெட்டுவாயில் நிற்பவர் கையில் வேறோர் அட்டை: ‘இது கடைசி அன்று’. தான் எது அல்ல என்பதையே சொல்லிக்கொண்டு நிற்பவர், அத்வைதிகளுக்குப் பிறகு, இவர்தான்.

தமிழ் மரபில் வாற்பலகை வாய்மொழியாக வழங்குகிறது. உப்பளத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறவர் உள்ளே நுழைந்ததும் கேட்பது ‘கடைசியா யாரு?’ என்பதே. ‘நான்தான்’ என்று ஒரு குரல் வந்தால் சிக்கலில்லை. பெரும்பாலும் வரும் விடை வேறு: ‘எனக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரு, டீ குடிக்கப் போயிருக்காரு.’ தோன்றா எழுவாயைப் போல இவரைத் ‘தோன்றா வால்’ எனலாம். ஆள் இல்லாத நாற்காலியில் அவருக்கு ஆகுபெயராக ஒரு மஞ்சள் பை உட்கார்ந்திருக்கும். பைக்குள் பழைய எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தால் உரிமை இன்னும் வலுப்பெறும். தெருக்குழாயடியில் குடமும், ரேஷன் கடையில் செங்கல்லும் இதே வேற்றுமையை ஏற்கும். பையை நகர்த்தி உட்கார முயன்றவர்கள், அதுவரை பேசாதிருந்த மொத்த அறையின் குரலையும் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறார்கள்.

ஜப்பானிய அட்டையின் ஆயுள் புத்தகக் கட்டு தீரும்வரை. கடைசிப் பிரதியும் விற்றதும் அட்டை மேசைக்கே திரும்பி, மடிந்து, பெட்டிக்குள் போகிறது. தோன்றா வாலுக்கு அத்தகைய முடிவு கிடையாது. டாக்டர் கிளம்பி, கம்பவுண்டர் ஷட்டரை இறக்கும்போதும் அந்த மஞ்சள் பை நாற்காலியில்தான் இருக்கும்.