பந்துவீச்சுப் பண்டிதர்

இரண்டு பொருள்களை அருகருகே வைத்துவிட்டால், அவற்றில் எது உயர்ந்தது என்று நிர்ணயம் செய்து முடிக்கும்வரை தொண்டையில் சோறு இறங்காத ஒரு வர்க்கத்தார் நம் நாட்டில் ஊருக்கு ஒருவராவது உண்டு. இவர்களுடைய பாட்டனார்கள் கம்பரா வள்ளுவரா என்று திண்ணையில் வழக்காடினார்கள். தகப்பனார்கள் அரியக்குடியா செம்மங்குடியா என்று, கச்சேரி முடிந்து விளக்கை அணைத்த பிறகும் பந்தலை விட்டு எழுந்திராமல் வாதித்தார்கள். அந்தப் பரம்பரைச் சொத்து முழுவதையும் சுவீகரித்துக்கொண்டு இக்காலத்தில் அவதரித்திருக்கும் மூர்த்தியே, தேசங்களின் பந்துவீச்சு வரிசைகளை நிறுத்துப் பார்த்துப் பட்டம் வழங்கும் பண்டிதர். பேட்ஸ்மேன்களை ஒப்பிடுவதை அவர் கௌரவமான தொழிலாகக் கருதுவதில்லை. டெண்டுல்கரா லாராவா என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகளும் பேச்சுக் கிடைக்காத குறைக்குப் பேசுகிற விஷயம் என்பது அவர் அபிப்பிராயம். பந்துவீச்சு அப்படியன்று, அதில் நான்கு பேரைச் சேர்த்து எடை போட வேண்டும், ஆடுகளத்தின் உபகாரத்தைக் கழிக்க வேண்டும், எதிராளியின் தராதரத்தால் பெருக்க வேண்டும், ஆகவே கணக்கு எப்படிப் போனாலும் தாம் விரும்பிய தீர்ப்பு வந்து சேரும், அதை எவராலும் பரிசோதிக்கவும் முடியாது.

இத்தகையவர் சேப்பாக்கம் மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் குடியிருப்பதுதான் இயற்கை. நான் சொல்ல வந்தவரோ பர்லியார்வாசி. மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகளை விட்டுக் கல்லாற்றைக் கடந்து மலையேறும் சாலை, 14 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிக் குன்னூரை அடைவதற்குள், வண்டிக்குத் தண்ணீரும் பிரயாணிகளுக்குத் தேநீரும் வேண்டியிருக்கும் இடத்தில் அந்தச் சிற்றூர் அமைந்திருக்கிறது. பலாவும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுக்கிய கடைகள், அவற்றின்மீது கண்வைத்த குரங்குகள், 1871இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பழைய பழப் பண்ணை, இவையே ஊரின் ஐசுவரியம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்; 22 கெஜம் மட்டமான நிலம் வேண்டுமென்றால் பேருந்து வரும் பாதையில்தான் தேட வேண்டும்; கை தவறிய பந்து போனது போனதுதான். பண்டிதர் தம் ஆயுளில் ஓர் ஓவர்கூட வீசியதில்லை. இதை யாரேனும் குறையாகச் சொன்னால், நீதிபதியாவதற்கு ஒருவன் கொலை செய்து பழகியிருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்பார்.

தேயிலைத் தோட்டமொன்றில் செக்ரோல் என்னும் கூலிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவராதலால் ஊரார் அவரை ‘ரைட்டர் ஐயா’ என்பார்கள். மலையின் கீழ்ப்பாதியில், மஃப்ளர் தேவைப்படாத வெப்பத்தில், மேல்மலைக்காரரின் அந்தஸ்து விட்டுப் போகாதபடி கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். தேநீர்க் கடையின் ஓர் ஓரத்துப் பெஞ்சுதான் சபை. பேருந்து வந்து நின்று, பிரயாணிகள் இறங்கி, தேநீர் குடித்து, நடத்துநர் விசில் ஊதுவதற்குள் ஒரு வழக்கை எடுத்து விசாரித்துத் தீர்ப்புக் கூறி முடித்துவிடும் சாமர்த்தியம் உயர்நீதிமன்றங்களுக்கே இல்லாதது.

அவருடைய கல்வி வானொலியில் தொடங்கியது. பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்த காலத்தில், அதன் வர்ணனை மலை மடிப்புக்குள் விட்டு விட்டுத்தான் வந்து சேரும். ராபர்ட்ஸ் ஓடி வருகிறார் என்பது கேட்கும், பிறகு கரகரப்பு, அதன் பிறகு கரகோஷம். இடையில் என்ன நடந்ததென்பதை இவர் தாமே இட்டு நிரப்பிக்கொண்டார். 1975 ஜனவரியில் ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்ததும், அந்தப் பிரளயத்தின் நடுவே விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்ததும், இந்தியா 100 ரன்களில் வென்றதும் சரித்திரம். ராபர்ட்ஸின் ஒவ்வொரு பந்தும் எந்த உயரத்தில் எழும்பி யாருடைய எந்த விலா எலும்பை விசாரித்தது என்பது மட்டும் பண்டிதரின் சொந்தப் புராணம். ஆனால் எண்களில் அவர் தவறுவதில்லை. செக்ரோல் எழுதிய கை.

அவருடைய வாதமுறையைச் சற்றே ஆராய்வோம். மேற்கிந்தியத் தீவுகளின் பட்சத்தில் பேசும் நாளில் சராசரிதான் பிரமாணம். “மார்ஷல் 20.94, கார்னர் 20.97, ஆம்புரோஸ் 20.99. ஒரே தீவுக் கூட்டத்துல மூணு பேர் இருபத்தொண்ணுக்குக் கீழே. வேற எந்தத் தேசத்துல காட்டுவீங்க?” என்று தேநீர்த் தம்ளரை நீட்டிக் கேட்பார். கேட்டவர்கள் பிரமித்திருக்கும்போது, ஊட்டிக்குப் போகும் ஒரு கல்லூரிப் பையன் கைபேசியைப் பார்த்து, ஜார்ஜ் லோமன் என்ற ஆங்கிலேயருடைய சராசரி 10.75 என்றும், சிட்னி பார்ன்ஸின் சராசரி 16.43 என்றும், பார்ன்ஸ் 1913-14இல் தென்னாப்பிரிக்காவில் நான்கே டெஸ்டுகளில் 49 விக்கெட்டுகள் எடுத்தார் என்றும் சொல்லிவைப்பான். பண்டிதர் இம்மியும் அசையமாட்டார். “தம்பி, அது பாய் விரிச்சு ஆடுன ஆட்டம். பாயில விழுந்த விக்கெட்டை நாங்க கணக்குல சேர்க்கறதில்லை” என்பார். தென்னாப்பிரிக்காவில் அக்காலத்தில் விரிப்பின்மேல் ஆடினார்கள் என்பது உண்மையே. அந்த உண்மை அவர் மடியில் எத்தனை காலமாகக் காத்திருந்தது என்பதுதான் வியப்பு. மறுநாள் ஆஸ்திரேலியாவின் முறை வந்தால் சராசரி தள்ளுபடியாகும். அன்றைக்கு மொத்த விக்கெட்டுதான் வேதம்: வார்ன் 708, மெக்ராத் 563, இருவரும் சேர்ந்து 1271, சுபம்.

இப்படி 1271 என்று அவர் முழங்கிய ஒரு சமயத்தில்தான் கோத்தகிரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் குறுக்கிட்டார். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து, அவர்களுக்காகவே அரசாங்கம் பயிரிட்ட தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். முத்தையா முரளிதரன் கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். அவருடைய பாட்டனாரும் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர். ஆகையால் நீலகிரியின் சில லயங்களில் முரளியைப் பற்றிய பேச்சு விளையாட்டுப் பேச்சாக இராது, பங்காளி வீட்டுப் பிள்ளையைப் பற்றிய பேச்சாகவே இருக்கும்.

“ரைட்டரய்யா, எங்க முரளி தனியாளா 800 எடுத்தானுங்களே, அதை எந்தப் பக்கம் எழுதுறீங்க?” என்றார் மேஸ்திரி.

“அதுல 176 விக்கெட் வங்கதேசமும் ஜிம்பாப்வேயும் குடுத்தது. வார்ன் அந்த ரெண்டு பேர்கிட்டயும் எடுத்தது பதினேழே பதினேழு.”

“இருக்கட்டுமுங்க. வார்னுக்கு எதிர்முனையில மெக்ராத் இருந்தாரு. எங்க பையனுக்கு யார் இருந்தா?”

வாஸ் இருந்தார், அவர் 355 விக்கெட் எடுத்தவர் என்று பண்டிதர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1998இல் ஓவல் மைதானத்தில் முரளி ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகள் எடுத்து இங்கிலாந்தைத் தோற்கடித்ததை மேஸ்திரி விரித்துரைக்கத் தொடங்கிய சமயம் பார்த்து, ‘ஒருவரே ஒரு சைனியமாவதும் சாத்தியமே’ என்று புதிய சூத்திரம் ஒன்றை இயற்றி, முரளிதரன் என்ற தனி மனிதருக்கு உலகத்தின் மூன்றாவது சிறந்த பந்துவீச்சு வரிசை என்ற பட்டத்தை அவ்விடத்திலேயே வழங்கிவிட்டார். அடுத்த வாரம் ஒரு நடத்துநர், 200 விக்கெட்டுகளைத் தொட்ட வேளையிலும் சராசரி 20க்குக் கீழே இருந்தவர் பும்ரா ஒருவரே என்று சொன்னபோது, “ஒரு ஆளை வெச்சுக்கிட்டு வரிசைன்னு சொல்ல முடியுமா, தம்பி?” என்று அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவரும் அவரே.

ஆயினும் பண்டிதரிடம் உண்மையான ஒரு சித்தாந்தம் இருக்கிறது. அதை நான் பரிகசிக்கமாட்டேன். பர்லியாரில் காய்க்கிற மங்குஸ்தானை ஊட்டியில் கொண்டுபோய் நட்டால் காய்க்குமா என்று அவர் கேட்பார். ஒரே மலை, ஒரே மழை, ஏறிப்போனால் சில மணி நேரம். இருந்தும் இங்கே கிராம்பும் ஜாதிக்காயும் விளைகின்றன, அங்கே உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. பந்துவீச்சும் அப்படியே மண்ணுக்கும் ஆகாயத்துக்கும் கட்டுப்பட்டது என்பது அவர் கட்சி. 1952 ஜூன் மாதம் லீட்ஸில் ஃபிரெட் ட்ரூமன் என்ற புதிய இளைஞர் வீசிய வேகத்தில் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ், ரன் ஏதுமின்றி நான்கு விக்கெட் என்ற அலங்கோலத்தில் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அதே இங்கிலாந்தை வினூ மன்கட் 55 ரன்களுக்கு 8 விக்கெட் எடுத்துச் சுருட்டி, நமக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்திருந்தார். 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியரின் 16 விக்கெட்டுகளை 136 ரன்களுக்கு எடுத்ததும் அந்தச் சேப்பாக்கத்து மண்ணில்தான். பிறகு 16 டெஸ்டுகள் ஆடி அவர் சேர்த்தவை 50. இந்தக் கணக்குகளை அடுக்கும்போது பண்டிதர் சாட்சாத் பண்டிதராகவே விளங்குவார்.

அவருக்குப் பலவீனம் ஒன்றே: பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நால்வர். 266, 189, 242, 156, ஆக மொத்தம் 853 என்று, மந்திரம் போல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். 1971இல் ஓவலில் சந்திரசேகர் 38 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101க்குள் அடக்கியதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். நால்வருக்கும் துணையாக ஷார்ட் லெக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஏக்நாத் சோல்கர், 27 டெஸ்டுகளில் 53 கேட்சுகள் பிடித்தவர். அவரையும் பந்துவீச்சாளராகவே எண்ண வேண்டும் என்பார். இதுவும் நியாயமான கட்சியே. ஆனால் அந்த நால்வரும் ஒன்றாக எத்தனை டெஸ்டுகளில் ஆடினார்கள் என்று கேட்டால் பண்டிதருக்குத் திடீரென்று இருமல் வரும். ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967இல் பர்மிங்ஹாமில். அதில் புதுப்பந்தை எடுத்து வீசியவர்களில் ஒருவர் புதி குந்தரன். அவருடைய தொழில் விக்கெட் காப்பது. இந்தியா 132 ரன்களில் தோற்றது.

காகிதத்தில் போட்ட கணக்கு 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், நூறாவது டெஸ்ட் ஆடும் லயன் ஆகியோர் ஒரு பக்கம். மறு பக்கத்தில் சிராஜ், சைனி, ஷார்துல் தாக்கூர் மூவருக்கும் சேர்த்து அதுவரை நான்கே டெஸ்ட் அனுபவம். அவர்களுடன் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் அன்றைக்குத்தான் அறிமுகம். “இது ஒப்பீடே இல்லை, ஒப்பாரி” என்று பண்டிதர் முதல்நாள் காலையில் தீர்ப்பளித்தார். அப்படி ஒப்பாரிக்கு உரியவர்கள் இரண்டு இன்னிங்ஸிலும் ஆஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டுகளையும் எடுத்தார்கள்; சிராஜ் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து; 328 ரன் இலக்கைத் துரத்தி இந்தியா மூன்று விக்கெட்டில் வென்றது. ஐந்தாம் நாள் மாலை தேநீர்க் கடைக்காரர், “ஐயா, ஒப்பாரின்னீங்களே?” என்று பால் ஆற்றிக்கொண்டே கேட்டார். “யாருக்குன்னு சொன்னேனா?” என்றார் பண்டிதர்.

என்னுடைய அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980களின் மேற்கிந்திய வரிசைக்கு நிகரான பந்துவீச்சு இதுவரை எந்தத் தேசத்துக்கும் வாய்த்ததில்லை. சராசரியை நம்பி நான் இதைச் சொல்லவில்லை. பண்டிதரின் மண் சித்தாந்தத்துக்கு அடங்காத ஒரே வரிசை அதுவே என்பதுதான் என் காரணம். 1983-84இல் நம் நாட்டு ஆடுகளங்களிலேயே மார்ஷல் 33, ஹோல்டிங் 30 விக்கெட்டுகள் எடுத்து, மூன்றுக்குப் பூஜ்யம் என்று தொடரை வென்று போனார்கள். மங்குஸ்தான் ஊட்டியிலும் காய்த்துவிட்டது. இதைப் பண்டிதரிடம் ஒருமுறை பிரஸ்தாபித்தேன். 1983 என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் முகம் மலர்ந்து, அந்த ஜூன் மாதம் லார்ட்ஸில் 183 ரன்களை வைத்துக்கொண்டு அதே மேற்கிந்தியரை 140க்குள் மடக்கியதையும், அமர்நாத் 12 ரன்களுக்கு 3 விக்கெட் எடுத்ததையும், போட்டி முழுவதிலும் மிகுதியாக 18 விக்கெட் எடுத்தவர் நம் பின்னிதான் என்பதையும் சொல்லிக்கொண்டே போனார். டிசம்பர் மாதம் வருவதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டது.

சீசனில் குன்னூருக்குப் போகும் அன்பர்கள் பர்லியாரில் இறங்கினால் பலாச்சுளை தின்னலாம், மங்குஸ்தானுக்கு விலை பேசலாம், ரைட்டர் ஐயாவின் பெஞ்சில் உட்கார்ந்து வாஸிம், வக்கார், இம்ரான் பற்றியும் தாராளமாகக் கேட்கலாம். பர்மிங்ஹாம் டெஸ்டைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாம். வயதானவர், இருமினால் தாங்கமாட்டார்.